பட்டை கட்டும்போது பேசாதீங்க! (சிஸ்டர் பதில்கள்)

போன மாசம் "பிபி, ஹார்ட் செக்கப்புக்கு போறவங்க கேள்வி அனுப்புங்க"ன்னு ஒரே ஒரு வரி தான் போட்டோம், வந்து குவிஞ்ச தபாலையும் வாட்ஸப்பையும் பார்த்தா ஊர்ல பாதி பேரு இந்நேரம் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சுல மடில ஃபைல வச்சுகிட்டு உக்காந்திருக்காங்க போல. முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. 29 வருஷம் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, அதுல கடைசி 12 வருஷம் ஹார்ட் ஓபில. மாத்திரைய கூட்டறது குறைக்கறது உங்க டாக்டர் பாடு. அந்த ரூம் கதவுக்கு இந்தப் பக்கம் நடக்கறதெல்லாம் எனக்கு அத்துப்படி, அத சொல்றேன்.

சிஸ்டர், எனக்கு 54 வயசு. வீட்ல மெஷின் வச்சு பார்த்தா 128/82, 130/80 இப்படி தான் காட்டுது. ஆஸ்பத்திரில போய் உக்காந்தா 156/94. போன வாட்டி டாக்டர் "மாத்திரை ஒழுங்கா போடறதில்லையா?"ன்னு கேட்டுட்டாரு, எனக்கு அழுகையே வந்துருச்சு. எங்க வீட்டுக்காரர் "உன் மெஷின் டூப்ளிகேட்"ங்கறாரு. எத நம்பறது?
வாசகி, கோவில்பட்டி

ரெண்டையும் நம்பலாம்மா, ரெண்டுமே அந்தந்த நேரத்துக்கு உண்மை தான். ஆஸ்பத்திரிய பார்த்தாலே பிரஷர் ஏறற ஆளுங்க நிறைய பேரு உண்டு, இதுக்கு வெள்ளை கோட்டு பிரஷர்னே பேரு இருக்கு. ஆனா நான் பார்த்த வரைக்கும் எல்லா பழியையும் கோட்டு மேல போட முடியாது.

எங்க ஓபில காலைல என்ன நடக்கும்னு சொல்றேன் பாருங்க. ஏழு மணி பஸ்ஸ புடிச்சு வந்திருப்பாங்க, டோக்கன் 63-ன்னு வந்திருக்கும், லிஃப்ட்ல கூட்டம்னு மாடிப்படி ஏறி வந்திருப்பாங்க, பாத்ரூம் போனா பேர கூப்டுருவாங்களோன்னு அடக்கிகிட்டு உக்காந்திருப்பாங்க, பேர கூப்ட்ட உடனே செருப்ப கூட சரியா மாட்டாம ஓடி வந்து முதுகுக்கு சாய்மானம் இல்லாத ஸ்டூல்ல உக்காந்து கைய நீட்டுவாங்க, நான் பட்டைய சுத்தி காத்து ஏத்தறதுக்குள்ள "சிஸ்டர் நேத்து ராத்திரி பூரா தூக்கமே இல்ல சிஸ்டர், மருமக இருக்காளே..."ன்னு ஆரம்பிப்பாங்க. மீட்டர் ஏறாம என்ன பண்ணும்? பட்டை இறுகும்போது பேசினா மட்டுமே 10 பாயிண்ட் வரை ஏறும். மூத்திரத்த அடக்கிகிட்டு இருந்தா அதுக்கு தனியா ஏறும், கை தொங்கிகிட்டு இருந்தா அதுக்கும். கால் மேல கால் போட்டிருந்தாலும் கொஞ்சம். எல்லாம் சேர்ந்தா உங்க 128 எங்க போய் நிக்கும்னு நீங்களே கணக்கு போடுங்க.

அதனால அடுத்த தடவை நேரத்தோட போங்க. பாத்ரூம் போயிட்டு வந்து அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க. அதுக்கு முந்தின அரை மணி நேரத்துல காபி டீ வேண்டாம், வீட்டுக்காரர் பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்னா அதுவும் கூடாதுன்னு சொல்லுங்க. பாதம் ரெண்டும் தரைல படணும், முதுகு சாஞ்சிருக்கணும், கை நெஞ்சு மட்டத்துல மேசை மேல இருக்கணும். ஜாக்கெட் கை டைட்டா இருந்தா அத சுருட்டி மேல ஏத்தாதீங்க, கயிறு கட்டின மாதிரி ஆயிடும், லூசான ஜாக்கெட் போட்டுட்டு போங்க.

இன்னொண்ணு, உங்க மெஷின் டூப்ளிகேட்டான்னு கண்டுபிடிக்க சண்டை போட வேண்டாம். மெஷினையே கட்டப்பைல போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு போய் அவங்க பார்த்த உடனே அதே கைல உங்க மெஷின்லயும் பாருங்க, பெரிய வித்தியாசம் இல்லன்னா மெஷின் சரி. அப்புறம் செக்கப்புக்கு முந்தின ஒரு வாரம் காலைல ரெண்டு தடவை, சாயங்காலம் ரெண்டு தடவை, ஒரு நிமிஷம் இடைவெளி விட்டு பார்த்து ஒரு நோட்ல தேதி போட்டு எழுதுங்க. காலைல பார்க்கறத மாத்திரை போடறதுக்கு முன்னாடி பார்க்கணும். முத நாள் கணக்க விட்டுட்டு மீதிய சராசரி எடுத்தா 135/85-க்கு கீழ இருக்கணும். ஆஸ்பத்திரிக்கு 140/90, வீட்டுக்கு 135/85, ரெண்டு இடத்துக்கும் எல்லைக்கோடு வேற வேற. அந்த நோட்ட டாக்டர் முன்னாடி நீட்டுங்க, அழ வேண்டாம். நல்ல டாக்டர் எல்லாம் அந்த நோட்ட தான் முதல்ல பார்ப்பாங்க. இதுக்கு நேர் தலைகீழா ஆஸ்பத்திரில நல்லா இருந்து வீட்ல ஏறற ஆளுங்களும் இருக்காங்க, அவங்களயும் காட்டிக் குடுக்கறது இந்த நோட்டு தான்.

காலைல வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும்னு சொல்றாங்க, அன்னிக்கு பிபி மாத்திரை போடலாமா கூடாதா? எங்க ஆபீஸ்ல ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.
வாசகர், ஓசூர்

பிபி மாத்திரைய வழக்கமான நேரத்துக்கு வெறும் தண்ணில போட்டுக்கோங்க, டாக்டர் தனியா வேண்டாம்னு சொல்லியிருந்தா தவிர. நிறைய பேரு "வெறும் வயிறு"ன்னா பச்சத் தண்ணி கூட குடிக்கக் கூடாதுன்னு நெனச்சு மாத்திரையும் போடாம தண்ணியும் குடிக்காம வந்து, ஊசி குத்த நரம்பு கிடைக்காம மூணு இடத்துல குத்து வாங்கிட்டு, பிபியும் 160-ன்னு எழுதி வாங்கிட்டு போவாங்க. தண்ணி குடிக்கலாம். காபி, டீ, பால் கூடாது, சர்க்கரை போடாட்டியும் கூடாது. சுகர் மாத்திரை, இன்சுலின் கதை வேற, அத பெரும்பாலும் சாப்பாட்டோட தான் போடணும், வெறும் வயித்துல போட்டுட்டு க்யூல நின்னா மயக்கம் தான். கொழுப்பு டெஸ்ட் மட்டும்னா இப்ப சில டாக்டருங்க சாப்பிட்டே வரலாம்ங்கறாங்க, எழுதிக் குடுக்கும்போதே கேட்டுக்கோங்க.

சிஸ்டர், எங்க மாமனாருக்கு 71 வயசு, ஸ்டென்ட் வச்சு மூணு வருஷம் ஆகுது. உப்பு குறைச்சு சமைச்சா "இது என்ன ஆஸ்பத்திரி சாப்பாடா?"ன்னு தட்ட தள்ளி வைக்கறாரு. இந்துப்பு போட்டா எவ்வளவு வேணா சாப்பிடலாம்னு யாரோ சொல்லியிருக்காங்க, கிலோ கணக்குல வாங்கி வச்சிருக்காரு. செக்கப்புக்கு ரெண்டு நாள் முன்னாடி மட்டும் உப்பில்லாம சாப்பிடறாரு. நான் என்ன தான் பண்றது?
மருமகள், பெயர் வேண்டாம், கும்பகோணம்

உங்க மாமனார் மாதிரி பரீட்சைக்கு மொத நாள் ராத்திரி படிக்கற ஆளுங்கள நான் நூத்துக்கணக்குல பார்த்திருக்கேன்மா. செக்கப்புக்கு ரெண்டு நாள் பத்தியம், டாக்டர பார்த்துட்டு வெளில வந்த உடனே எதுத்தாப்ல பரோட்டா கடை. டாக்டர் அந்த நல்ல நம்பர பார்த்துட்டு "ஓகே, இதே டோஸ் போதும்"னு எழுதுவாரு, மூணு மாசத்துல மீதி 88 நாளும் இவர் உடம்பு வேற நம்பர்ல ஓடும். பரீட்சைல காப்பி அடிச்சா டீச்சர ஏமாத்தலாம், இங்க நஷ்டம் யாருக்கு?

இந்துப்பும் சோடியம் குளோரைடு தான். நிறம் தான் வேற, விலை தான் வேற. பிபிக்கு ஆகாத சரக்கு அதுலயும் அதே அளவுக்கு கிட்டத்தட்ட இருக்கு. கடைல "லோ சோடியம்"னு விக்கற உப்பு ஒண்ணு உண்டு, அதுல சோடியத்துல ஒரு பங்குக்கு பதிலா பொட்டாசியம் கலந்திருப்பாங்க. சிலருக்கு அது நல்லது தான், ஆனா கிட்னி கோளாறு உள்ளவங்க, டெல்மிசார்டான், ராமிப்ரில் மாதிரி பிபி மாத்திரை போடறவங்க டாக்டர கேக்காம தொடக் கூடாது, ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பே தடுமாறும். ஸ்டென்ட் வச்சவருன்னா இந்த மாத்திரைல ஏதோ ஒண்ணு போட்டுகிட்டு இருக்க வாய்ப்பு அதிகம், சீட்ட எடுத்து பாருங்க.

உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு கீழன்னு சொல்லுது, ஒரு டீஸ்பூன் தலை தட்டி எடுத்தா அவ்வளவு தான். அது சாம்பார், ரசம், பொரியல், இட்லி மாவு, சட்னி, மோர் எல்லாத்துக்கும் சேர்த்து. அதனால சாம்பார்ல ஒரு சிட்டிகை குறைச்சுட்டு சண்டை போடறத விட, உப்பு மொத்தமா எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. தயிர் சாதத்துக்கு மாவடு ஒண்ணு, மோர்மிளகா ரெண்டு, அப்பளம் ரெண்டு, சாயங்காலம் மிக்சர், ஞாயித்துக்கிழமை கருவாடு. இதெல்லாம் உப்புலயே ஊறினது. சோத்த வடிக்கும்போது உப்பு போடற பழக்கம் இருந்தா அத முதல்ல நிறுத்துங்க, குழம்பு ஊத்தி பிசையும்போது யாருக்கும் தெரியாது, எங்க வீட்ல நான் சொல்ற வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல.

ருசி குறையாம இருக்க புளிப்பும் காரமும் வாசனையும் ஏத்துங்க. எலுமிச்சம்பழம் கடைசில பிழியறது, பெருங்காயம், மிளகு சீரகம் வறுத்து பொடிச்சு போடறது. உப்ப அடுப்புல போடாம இறக்கினப்பறம் கொஞ்சமா மேல தூவினா நாக்குக்கு உப்பு நல்லா தெரியும், அளவு குறையும். ஒரேயடியா குறைக்காதீங்க. வாரத்துக்கு கொஞ்சமா குறைச்சா ஒன்றரை ரெண்டு மாசத்துல நாக்கு பழகிடும், அப்புறம் வெளில சாப்பிட்டா அவரே "என்ன இவ்வளவு உப்பு?"ம்பாரு. மேசை மேல இருக்கற ஊறுகா பாட்டில மட்டும் எடுத்து உள்ள வைங்க. கேட்டா குடுங்க, கண்ணுல பட வேண்டாம்.

அப்புறம் இது மருமக ஒருத்தி தலைல மட்டும் விழற வேலை இல்ல, உங்க வீட்டுக்காரர் அவங்கப்பாகிட்ட பேசட்டும். அவர் ஏன் கடுதாசி எழுதலன்னு எனக்கு ஒரு கேள்வி இருக்கு.

எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ஜாக்கெட்ட கழட்டணுமா, எடுக்கறது ஆம்பளையா இருந்தா என்ன பண்றது? கேக்க கூச்சமா இருக்கு, அதனாலயே ரெண்டு மாசமா போகல.
வாசகி, 38 வயது, ஆம்பூர்

கேட்டீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம். இதே கேள்விய மனசுல வச்சுகிட்டு வராமயே போனவங்க எத்தனை பேரோ.

ஆமா, மேல் துணிய தளர்த்தணும், இடது பக்க நெஞ்சு மேல கருவி படணும். முன்பக்கம் பட்டன் வச்ச நைட்டியோ சுடிதாரோ போட்டுட்டு போங்க, புடவைன்னா முன்னாடி கொக்கி வச்ச ஜாக்கெட். நிறைய இடத்துல பச்சை கலர் கவுன் குடுப்பாங்க, இல்லன்னா ஒரு துப்பட்டா கொண்டு போய் மேல போத்திக்கோங்க, போத்தினபடியே அடில கைய விட்டு எடுக்கலாம். லேடி டெக்னீஷியன் இருக்காங்களான்னு டோக்கன் போடும்போதே கேளுங்க, இல்லன்னா "பொம்பளைங்க யாராவது கூட நிக்கணும்"னு சொல்லுங்க. இது கெஞ்சற விஷயம் இல்ல, உங்க உரிமை. சிலர் மூஞ்ச சுளிப்பாங்க, சுளிச்சுட்டு போகட்டும்.

உள்ள நடக்கறது இவ்வளவு தான், இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்கச் சொல்வாங்க, இடது கைய தலைக்கு மேல வைக்கச் சொல்வாங்க, ஜில்லுனு ஒரு ஜெல்லு தடவுவாங்க (ஏசி ரூம்ல அது தான் பெரிய கொடுமை), சோப்பு டப்பா சைஸ்ல ஒரு கருவிய விலா எலும்பு நடுவுல அழுத்தி அழுத்தி பார்ப்பாங்க. வயித்துல குழந்தை இருக்கும்போது ஸ்கேன் பண்ணாங்கல்ல, அதே ஒலி அலை தான், எக்ஸ்ரே கதிர் எதுவும் இல்ல. நடுவுல திடீர்னு "உஷ்க் உஷ்க்"னு சத்தம் வரும், பயப்படாதீங்க, ரத்தம் வால்வு வழியா போற வேகத்த மெஷின் சத்தமா மாத்தி காட்டுது. இருபது முப்பது நிமிஷத்துல முடிஞ்சிடும். ரிப்போர்ட்ல இஎஃப்னு ஒண்ணு போட்டிருக்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தன்கிட்ட இருக்கற ரத்தத்துல எத்தனை சதவீதம் வெளில தள்ளுதுன்னு அர்த்தம். 60-ன்னு இருந்தா "நூத்துக்கு அறுபது தானா"ன்னு கலங்கிப் போய் வெளில வருவாங்க. யாருக்கும் நூறு வராதும்மா, 55-லேர்ந்து 70 வரை இருந்தா நார்மல்.

ஈசிஜிக்கும் இதே துணி தான். கை கால்ல நாலு கிளிப், நெஞ்சுல ஆறு. ஷாக் அடிக்குமான்னு கேக்காதவங்களே கிடையாது, அடிக்காது, உங்க உடம்புலேர்ந்து வர்றத மெஷின் வாங்கிக்குது, உள்ள எதுவும் அனுப்பறதில்ல. தாலிச் செயின கழட்டணும்னு கட்டாயம் எல்லாம் இல்ல, நாங்க ஓரமா ஒதுக்கி விட்டுடுவோம். நாளைக்கே போயிட்டு வாங்க.

எங்கப்பாவுக்கு அபுதாபிலேர்ந்து பிபி மெஷின் ஒண்ணு வாங்கி அனுப்பினேன், தப்பு பண்ணிட்டேன்னு தோணுது. ஒரு நாளைக்கு பத்து பதினாலு தடவை பார்க்கறாரு. 138 வந்தா உடனே எனக்கு வீடியோ கால். நான் வேலை பாக்கறதா, இவர் பிபிய பாக்கறதா?
மகன், சொந்த ஊர் அறந்தாங்கி

தம்பி, மெஷின் வாங்கினது தப்பில்ல, கூட ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கி அனுப்பாதது தான் தப்பு. பிபி ஒரு இடத்துல நிக்கற சாமான் இல்ல. படுத்தா ஒண்ணு, எழுந்தா ஒண்ணு, பக்கத்து வீட்டு நாய் குலைச்சா ஒண்ணு. அவர் ஒரு தடவை பார்த்து 138-ன்னு வந்ததும் பயந்து, அந்த பயத்தோட மறுபடி பார்த்தா 144, அடுத்து 150, அப்புறம் உங்களுக்கு கால். நம்பர ஏத்தறதே அந்த பதினாலு தடவை தான்.

அப்பாகிட்ட பக்குவமா ஒரு ஒப்பந்தம் போடுங்க, காலைலயும் சாயங்காலமும் மட்டும், நோட்ல எழுதணும், ஞாயித்துக்கிழமை நோட்ட போட்டோ எடுத்து அனுப்பணும். மத்த நேரம் மெஷின் பீரோல. டாக்டர் சரின்னு சொல்லிட்டா வாரத்துக்கு ரெண்டு நாள் பார்த்தா கூட போதும். ஒண்ணு மட்டும் விதிவிலக்கு. 180/120-க்கு மேல காட்டினா அஞ்சு நிமிஷம் உக்காந்து மறுபடி பார்க்கணும், அப்பவும் அப்படியே இருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட பேசணும். நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் வராம போறது, வாய் கோணறது, பேச்சு குழறல் இதுல எது வந்தாலும் மெஷினயே தேடாம 108, நம்பர் நார்மலா இருந்தாலும் 108. அபுதாபிக்கு அப்புறம் பேசிக்கலாம்.

நீங்க அனுப்பினது மணிக்கட்டுல கட்டறதுன்னா மாத்திடுங்க, புஜத்துல கட்டற மெஷின் தான் சரியா காட்டும். பட்டை சைஸும் முக்கியம். குண்டான கைக்கு சின்ன பட்டை கட்டினா இல்லாத பிரஷர காட்டும். வாட்ச்ல பிபி பார்க்கறத பத்தியும் மூணு பேரு கேட்டிருக்காங்க, நாடித் துடிப்பு, நடந்த கணக்குக்கு வாட்ச் சரி, அத வச்சு பிபி மாத்திரை விஷயத்த முடிவு பண்ணாதீங்க.

மேடம், நான் பத்தாவது படிக்கிறேன். பிபி 120-ன்னா 120 என்ன? கிலோவா, லிட்டரா? எங்க தாத்தாவுக்கும் தெரியல.
மாணவி, தாராபுரம்

இந்த மாசத்துக்கு இது தான்டா கண்ணு எனக்கு புடிச்ச கேள்வி. 120 மில்லிமீட்டர் பாதரசம். ரத்தம் குழாய் சுவர தள்ற அழுத்தத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய்ல பாதரசம் எவ்வளவு உயரம் ஏறும்ங்கறது தான் கணக்கு. மேல உள்ள நம்பர் இதயம் சுருங்கி தள்ளும்போது, கீழ உள்ளது அது தளர்ந்து நிரம்பும்போது. பாதரசம் தண்ணிய விட 13.6 மடங்கு கனம், அதனால அதே 120-ஐ தண்ணில அளந்தா 163 சென்டிமீட்டர், உங்க தாத்தா உயரத்துக்கு ஒரு குழாய் வேணும்! நிஜமாவே 1733-ல இங்கிலாந்துல ஸ்டீபன் ஹேல்ஸ்னு ஒரு பாதிரியார் குதிரை தொடைல உள்ள ரத்தக் குழாய்ல ஒரு குழாய சொருகி அளந்தத எழுதி வெளியிட்டாரு, ரத்தம் எட்டு அடிக்கு மேல ஏறிச்சாம். கைல பட்டை கட்டி பாதரசத்துல அளக்கற வழிய 1896-ல இத்தாலிக்காரர் ரிவா ரோச்சி கொண்டு வந்தாரு, ஸ்டெதஸ்கோப்ல "டப் டப்" சத்தம் கேட்டு மேல் நம்பர் கீழ் நம்பர் சொல்ற முறைய 1905-ல ரஷ்யாவோட கொரோட்கோவ் சொன்னாரு. நான் வேலைக்கு சேர்ந்தப்ப எல்லா டேபிள்லயும் அந்த பாதரசப் பெட்டி தான். ஒரு நாள் கை தவறி கீழ விழுந்து உடைஞ்சு, பாதரசம் சின்னச் சின்ன வெள்ளி முத்தா வார்டு பூரா உருண்டோடிச்சு, ரெண்டு எக்ஸ்ரே அட்டைய வச்சு தள்ளித் தள்ளி கூட்டி ஒரு பாட்டில்ல அள்ளினோம், கட்டிலுக்கு அடில போனது போனது தான். அது விஷம், மண்ணுக்கும் தண்ணிக்கும் கெடுதல்னு உலகம் பூரா இப்ப விலக்கிகிட்டு வர்றாங்க. பெட்டி போயிடுச்சு, மில்லிமீட்டர் கணக்கு மட்டும் நிக்குது. தாத்தாகிட்ட சொல்லு.

டிரெட்மில் டெஸ்ட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. நடக்கும்போதே ஏதாவது ஆயிடுச்சுன்னா? எனக்கு வேட்டி தான் பழக்கம்.
வாசகர், 57 வயது, ராஜபாளையம்

வேட்டியோட ஓட முடியாதுங்கய்யா, பேண்ட்டோ டிராக்ஸோ, கேன்வாஸ் ஷூவும் போட்டுட்டு வாங்க. செருப்போட வந்து வெறுங்கால்ல ஏறி கொப்புளம் வாங்கினவங்க உண்டு. ரெண்டு மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லி சாப்பிட்டா போதும். நெஞ்சுல முடி இருந்தா சில இடத்துல மழிப்பாங்க, கோச்சுக்காதீங்க, ஒட்டினது கழண்டுட்டா ஈசிஜி சரியா வராது. மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் மேடும் ஏறும், 220-லேர்ந்து உங்க வயச கழிச்சா வர்றதுல 85 சதவீதம் துடிப்பு வரணும், உங்களுக்கு 139 கிட்ட. பக்கத்துலயே ஆளும் மருந்தும் மெஷினும் தயாரா இருக்கும், கண்ணு ஈசிஜி மேலயே இருக்கும். ஏதாவது ஆனா வயக்காட்டுல ஆகறத விட அங்க ஆகறது தான் பாதுகாப்பு. வலிச்சா, தலை சுத்தினா வாய தொறந்து சொல்லுங்க, ஆம்பளைங்க நிறைய பேரு பல்ல கடிச்சுகிட்டு நடப்பாங்க, அங்க கப்பு ஒண்ணும் குடுக்கறதில்ல. மெட்டோப்ரோலால், அட்டெனலால் மாதிரி மாத்திரை போட்டா துடிப்பு ஏறாது, அன்னிக்கு போடணுமா வேண்டாமான்னு முன்கூட்டியே கேளுங்க. நீங்களா நிறுத்தாதீங்க, அத திடீர்னு நிறுத்தினா ஆபத்து.

மூணு மாசமா பிபி 120/80-லயே நிக்குது. குணமாயிடுச்சுல்ல, மாத்திரைய விட்டுடலாமா?
வாசகர், அரக்கோணம்

குடை புடிச்சதால தான் நனையல. மழை இன்னும் பெய்யுது.

கால் ரெண்டும் சாயங்காலமானா வீங்கிக்குது, கிட்னி போயிடுச்சுன்னு பயந்து மாத்திரைய நானே நிறுத்திட்டேன். பத்து நாளாச்சு.
வாசகி, பட்டுக்கோட்டை

உங்க லிஸ்ட்ல அம்லோடிபின் இருக்கான்னு பாருங்க, அந்த மாத்திரை சிலருக்கு கணுக்கால் வீக்கம் குடுக்கும். அதே மாதிரி எனலாப்ரில், ராமிப்ரில் வகை சிலருக்கு விடாத வறட்டு இருமல் குடுக்கும், அத சளின்னு நெனச்சு டானிக் டானிக்கா குடிப்பாங்க. மாத்து மாத்திரை ஏராளமா இருக்கு, போய் சொன்னா மாத்திக் குடுப்பாங்க. ஆனா வீக்கத்துக்கு இதயம், கிட்னின்னு வேற காரணமும் இருக்கலாம்ங்கறதால வீட்ல உக்காந்து முடிவு பண்ணாதீங்க, இந்த வாரமே போங்க. மூட்டு வலிக்குன்னு மெடிக்கல்ல டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரை வாங்கி போடற பழக்கம் இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அது பிபியையும் ஏத்தும், வீக்கத்தையும் ஏத்தும். மறைக்கறதுல முதலிடம் இந்த வலி மாத்திரைக்கு தான்.

மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வந்து பிபி மாத்திரை குடுக்கறாங்க. இந்த மாசம் குடுத்தது கலரும் சைஸும் வேற. பக்கத்து வீட்டு அக்கா பயந்து குப்பைல போட்டுட்டாங்க. நான் போடலாமா?
வாசகி, ஊத்தங்கரை

உங்க கிருஷ்ணகிரி மாவட்டத்துல தான்மா அந்த திட்டமே 2021 ஆகஸ்ட் 5 அன்னிக்கு ஆரம்பிச்சுது, சாமனப்பள்ளில. கலர பார்க்காதீங்க, அட்டைக்கு பின்னாடி சின்ன எழுத்துல மருந்து பேரும் மில்லிகிராமும் இருக்கும், பழைய காலி அட்டையோட ஒப்பிட்டு பாருங்க. பேரும் அளவும் ஒண்ணுன்னா கம்பெனி தான் மாறியிருக்கு, போடலாம். வேறயா இருந்தா குடுத்தவங்களையே கேளுங்க. கண்ணு தெரியலன்னா பள்ளிக்கூடம் போற புள்ளைங்கள படிக்கச் சொல்லுங்க. பழைய அட்டைய தூக்கிப் போடாம ஒண்ணு வச்சுக்கறது நல்ல பழக்கம். அதோட வீட்டுக்கு மாத்திரை வருதேன்னு ஆஸ்பத்திரி பக்கமே போகாம இருந்துடாதீங்க, வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஈசிஜி, கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்), பொட்டாசியம், கொழுப்பு பார்க்கணும். நெஞ்சு வலின்னு வந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு போறதுக்குள்ள முதல் டோஸ் மாத்திரை குடுக்கற ஏற்பாடு 2023-லேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்கு, இதயம் காப்போம்னு பேரு, உங்களுக்கு பக்கத்துல எதுன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. அந்த அக்காவுக்கு மறுபடி மாத்திரை வாங்கிக் குடுங்க, குப்பைல போட்டதுக்கு திட்ட மாட்டாங்க.

எனக்கு 66, அவருக்கு 70. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு பேரும் ஒண்ணா செக்கப் போவோம். ரத்தம் குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு எதுத்த ஹோட்டல்ல பொங்கல் வடை சாப்பிட்டுட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் அங்கயே உக்காந்து பேசிகிட்டிருப்போம். புள்ளைங்க எல்லாம் வெளியூர், எங்களுக்கு வெளில போறதுன்னா அது ஒண்ணு தான். மக தெரிஞ்சுகிட்டு "ஹார்ட் பேஷன்ட் பொங்கல் வடையா?"ன்னு கத்தறா. தப்பா சிஸ்டர்?
வாசகி, மயிலாடுதுறை

தப்பே இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு பொங்கல், வருஷத்துக்கு நாலு. மகளுக்கு இந்த பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புங்க. ஹோட்டல் பொங்கல்ல நெய்யோட உப்பும் தூக்கலா தான் இருக்கும், அதனால ஒரு பொங்கல வாங்கி ரெண்டு தட்டுல போடச் சொல்லுங்க, வடையும் ஒண்ணே ஒண்ணு, சாம்பார் வாளிய மேசைலயே வச்சுட்டு போனா மறுபடி மறுபடி ஊத்தாதீங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் ரத்தம் குடுக்கற டெஸ்ட்டும் இருந்தா மணிய பார்த்துக்கோங்க, முதல் வாய் வச்சதுலேர்ந்து ரெண்டு மணி நேரம் கணக்கு, பேச்சு சுவாரஸ்யத்துல விட்டுட்டா மறுநாள் திரும்ப வரச் சொல்வாங்க.

ரெண்டு பேரும் காலை மாத்திரைய டப்பால போட்டு எடுத்துட்டு போறீங்களா இல்லையான்னு எழுதலையே? அத மட்டும் அடுத்த கடுதாசில சொல்லுங்க.